ஜப்பானிலிருந்து வந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி இது: 1993 நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஒன்றும் 1996 மாஸ்டா ஆர்எக்ஸ்-7 ஒன்றும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. இரண்டும் சில ஆண்டுகளுக்கு முன்பே ஜப்பானிலிருந்து இறக்குமதியானவை. ஜிடி-ஆரை விற்பவர், "ஏலத்தில் கிரேடு 4, ஓடியது 78,000 கி.மீ., ஆக்ஸிடென்ட் கிடையாது" என்கிறார். ஆர்எக்ஸ்-7 வைத்திருப்பவர், "எஞ்சின் இப்போதுதான் பிரித்துக் கட்டியது" என்கிறார். எதை நம்புவது, எதை வாங்குவது?

இந்தக் கார்களோடு பல வருடப் பழக்கம் எனக்கு. ஒன்றைச் சொந்தமாக வைத்து ஓட்டியிருக்கிறேன். நண்பர்களுக்காகப் போய்ப் பார்த்துக் கொடுத்தவை அதைவிட அதிகம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: முப்பது வயதுக் காரில் எஞ்சினை இரண்டாவதாகப் பாருங்கள், முதலில் பாடியைப் பாருங்கள். எஞ்சின் போனால் செலவு பெரிதுதான், ஆனால் பிரித்துக் கட்டலாம், வேறு எஞ்சின் வாங்கி வைக்கலாம். சேஸி வளைந்திருந்தால், கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு உள்ளிருந்தே துருப்பிடித்திருந்தால், அதற்குப் பதில் புது பாடி ஷெல் எந்தக் கடையிலும் கிடைக்காது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பானெட்டைத் திறந்து, எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, டர்போ இழுக்கும் வேகத்தில் மயங்கி, குனிந்து அடிப்பகுதியைப் பார்க்காமலே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

விற்பவர் சொல்லும் "கிரேடு 4" என்றால் என்ன என்று பார்ப்போம். ஜப்பானில் பழைய கார்கள் பெரும்பாலும் வியாபாரிகளுக்கிடையே ஏலத்தில்தான் கைமாறுகின்றன. யுஎஸ்எஸ் என்பது அங்கே மிகப் பெரிய ஏலக் குழுமம். சிபா மாகாணத்தில் நோடாவில் உள்ள அதன் டோக்கியோ மைதானத்தில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான கார்கள் ஏலத்துக்கு வரும். நேரில் ஆற அமரப் பார்க்க நேரமில்லாததால் ஏல நிறுவனத்தின் பரிசோதகர் ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் எழுதுகிறார். அதைத்தான் ஏலத்தாள் என்கிறோம். மேல் மூலையில் மொத்தக் கிரேடு இருக்கும். புதுக் கார் போன்றதற்கு எஸ் அல்லது 6, பிறகு 5, 4.5, 4, 3.5, 3, 2, 1 என்று இறங்கும். உட்புறத்துக்குத் தனியாக ஏ, பி, சி, டி என்ற எழுத்து. சட்டகத்திலோ தூண்களிலோ ரேடியேட்டர் சப்போர்ட்டிலோ அடிபட்டுச் சரிசெய்த வண்டி என்றால் எண்ணுக்குப் பதில் ஆர் அல்லது ஆர்ஏ என்று போடுவார்கள். கிரேடு 1 என்று கண்டால் உடனே பயந்து ஓட வேண்டாம். வேறு எஞ்சின் வைத்தது, ஆட்டோமேட்டிக்கை மேனுவலாக மாற்றியது, டர்போ மாற்றியது என்று பெரிய மாற்றங்கள் இருந்தாலும் அந்த எண் விழும். அதே சமயம் வெள்ளத்தில் மூழ்கிய காருக்கும் அது விழலாம். காரணம், பரிசோதகர் பக்கத்தில் கையால் எழுதிய குறிப்பில்தான் இருக்கும்.

தாளின் கீழே காரின் வரைபடம் ஒன்று இருக்கும், அதில் பாகம் பாகமாகக் குறிகள். ஏ என்றால் கீறல், யு என்றால் பள்ளம், பி என்றால் கீறலோடு கூடிய பள்ளம். பக்கத்தில் உள்ள எண் 1, 2, 3 என்று ஏற ஏற அளவு பெரிது. டபிள்யு என்றால் டிங்கரிங் பார்த்துப் பெயிண்ட் அடித்ததில் தெரியும் அலை. எக்ஸ் என்றால் பாகத்தை மாற்ற வேண்டும், எக்ஸ்எக்ஸ் என்றால் ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. எஸ் என்றால் துரு. ஜப்பானிய மொழியில் துருவுக்கு 'சாபி' என்று பெயர். சி என்றால் அரிப்பு, அதாவது துரு இரும்பைத் தின்னத் தொடங்கிவிட்டது. நான் ஒரு தாளைக் கையில் வாங்கினால் கிரேடைப் பார்க்கும் முன் எஸ், சி ஆகிய இரண்டும் எங்கே விழுந்திருக்கின்றன என்றுதான் தேடுவேன். பக்கக் கதவில் நான்கு ஏ1 இருப்பது எனக்குப் பொருட்டே இல்லை.

ஆண்டு எழுதியிருக்கும் விதம் புதியவர்களைக் குழப்பும். ஜப்பானியர் பேரரசர் ஆட்சிக் கணக்கில் எழுதுவார்கள். ஹெய்செய் காலத்து எண்ணோடு 1988-ஐக் கூட்டுங்கள்: ஹெய்செய் 5 என்றால் 1993, ஹெய்செய் 8 என்றால் 1996. நீங்கள் பார்க்கும் இரண்டு கார்களின் தாளிலும் இவைதான் இருக்க வேண்டும். இந்த ஆண்டு முதல் பதிவின் ஆண்டு. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த மாதம் அதற்குச் சற்று முந்தியதாக இருக்கலாம். வயதை வைத்து இறக்குமதி விதி உள்ள நாடுகளில் இந்தச் சில மாத வித்தியாசமே அனுமதியைத் தீர்மானிக்கும்.

இரண்டு விஷயங்களைப் பெரும்பாலான விற்பனையாளர்கள் சொல்வதில்லை. ஒன்று, ஏலத்தாள் எஞ்சினின் உள்நிலை பற்றிக் கிட்டத்தட்ட எதுவும் சொல்லாது. பரிசோதகருக்கு ஒரு காருக்குச் சில நிமிடங்கள்தான். கம்ப்ரஷன் (எஞ்சினுக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்ற அளவு) பார்ப்பதில்லை, சாலையில் நீண்ட தூரம் ஓட்டிப் பார்ப்பதில்லை. காதில் விழும் சத்தம், கண்ணில் படும் ஆயில் கசிவு, புகை இருந்தால் எழுதுவார், அவ்வளவுதான். இரண்டு, அந்தத் தாள் அந்த ஒரு நாளின் நிலை. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஏலத்தில் 4 வாங்கிய கார், இறங்கிய நாட்டில் எட்டு ஆண்டுகள் என்ன பட்டது என்று அந்தத் தாளுக்குத் தெரியாது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு நிசான் சில்வியா எஸ்15 பார்க்கப் போனபோது. நண்பருக்காகப் போயிருந்தேன். பெயிண்ட் பளபளத்தது. விற்பவர் நீட்டிய ஏலத்தாள் உண்மையானது, நானே சேஸி எண்ணை வைத்துச் சரிபார்த்தேன். கிரேடு 3.5, விபத்துக் குறிப்பு எதுவும் இல்லை. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் லிஃப்ட்டில் ஏற்றச் சொன்னேன். மேலே போனதும் முன்பக்கச் சட்டக இரும்பில், நெளிந்த தகரத்தைத் தட்டி நிமிர்த்தியது போன்ற சுருக்கம் தெரிந்தது. மேலே கறுப்பு அண்டர்கோட் புதிதாகப் பூசியிருந்தார்கள். இறக்குமதியான பிறகு யாரோ ட்ரிஃப்ட், அதாவது பின்பக்கத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, ஓட்டி எதன் மீதோ மோதியிருக்கிறார்கள். தாளில் பொய் இல்லை, விற்பவரும் ஒருவேளை அறியாமலே வாங்கியிருக்கலாம். அன்று லிஃப்ட்டுக்குக் கொடுத்த சிறு கட்டணம் நண்பரின் மொத்தச் சேமிப்பைக் காப்பாற்றியது. அந்தச் சுருக்கத்தைத் தொட்டுப் பார்த்த நாளிலிருந்து, லிஃப்ட்டில் ஏற்ற மறுக்கும் யாரிடமும் நான் பேரம் பேசுவதில்லை.

போலித் தாள்களும் உண்டு. எண்ணை மாற்றி அச்சடிப்பது கடினமான வேலையே இல்லை. எனவே விற்பவர் காட்டும் படத்தை நம்பாமல், சேஸி எண்ணைக் கொடுத்து ஏலப் பதிவைத் தேடித் தரும் சேவைகளில் நீங்களே பணம் கட்டி வாங்குங்கள். ஜப்பானிலிருந்து வெளியேறும்போது கொடுக்கப்படும் ஏற்றுமதிச் சான்றிதழ் இதைவிடக் கனமான ஆவணம். அது அரசு கொடுப்பது. சேஸி எண், முதல் பதிவு மாதம் எல்லாம் அதில் இருக்கும். 2004 முதல் ஷாகென் எனப்படும் கட்டாயப் பரிசோதனையின்போது ஓடோமீட்டர் அளவையும் பதிவு செய்கிறார்கள். ஆகவே ஏற்றுமதிச் சான்றில் 1,32,000 என்றும் டாஷ்போர்டில் 78,000 என்றும் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

78,000 கி.மீ. என்பது நடக்கக்கூடிய எண்தான். ஜப்பானில் ரயிலில் வேலைக்குப் போய், ஞாயிறுகளில் மட்டும் காரை எடுத்தவர்கள் நிறைய. ஆனால் ஜிடி-ஆரில் ஒரு சிக்கல் உண்டு. நிசானின் சாதாரண மீட்டர் மணிக்கு 180 கி.மீ. வரைதான் காட்டும். அக்காலத்தில் ஜப்பானில் விற்ற பெரும்பாலான கார்கள் 180-இல் கட்டுப்படுத்தப்பட்டவை. அதைத் தாண்டிக் காட்ட வேண்டும் என்று நிசானின் ரேஸ் பிரிவான நிஸ்மோவின் மீட்டரை வாங்கி மாட்டியவர்கள் ஏராளம். மாட்டிய நாளில் அது பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மாற்றியதற்கான குறிப்பு இருந்தால் பழைய ஓட்டத்தையும் சேர்த்துக் கணக்கிடலாம். குறிப்பு இல்லையென்றால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. அப்போது உண்மையைச் சொல்வது ஸ்டியரிங்கின் மேல்பகுதி, கிளட்ச் பெடல் ரப்பர், ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரம், கியர் குமிழ். ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்க, ஓட்டம் 78,000 என்றால் இரண்டில் ஒன்று பொய். ரப்பர் மட்டும் பளிச்சென்று புதிதாக இருந்தாலும் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

ஓட்டத்தை உறுதிசெய்ய எனக்கு மிகவும் பிடித்த சாட்சி, எஞ்சின் அறையில் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கர். டைமிங் பெல்ட் மாற்றிய ஜப்பானிய ஒர்க்‌ஷாப்புகள் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி ஒட்டிவிடும் பழக்கம் உள்ளவை. ஜிடி-ஆரின் ஆர்பி26 எஞ்சினுக்கு 1,00,000 கி.மீ.யில் பெல்ட் மாற்ற வேண்டும். 78,000 ஓடியதாகச் சொல்லும் காரில் "1,01,000-இல் மாற்றியது" என்ற ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்திருப்பார்கள். கதவுத் தூணில் ஆயில் மாற்றிய ஸ்டிக்கர் இருக்கும், அதையும் பாருங்கள். எல்லாவற்றையும்விட விலைமதிப்பு மிக்கது, கையுறைப் பெட்டியில் இருக்கும் பராமரிப்புப் பதிவேடு. ஒவ்வொரு பரிசோதனையும் தேதி, கிலோமீட்டர், ஒர்க்‌ஷாப் முத்திரையோடு இருக்கும். அது உள்ள காருக்குக் கூடுதல் விலை கேட்டால் கொடுப்பதில் தவறில்லை.

அந்த முத்திரையில் உள்ள ஊரையும் ஜப்பானிய மொழி தெரிந்தவரிடம் படிக்கச் சொல்லுங்கள். சப்போரோ, அயோமோரி, நீகாதா என்று வடக்கு அல்லது பனி மாகாணமாக இருந்தால் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவிய ஊர்களில் ஓடிய கார். ஜப்பான் கார்கள் துருப்பிடிக்காது என்று நம்புகிறவர்கள் ஒருமுறை அப்படிப்பட்ட காரின் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். பின் சக்கர வளைவின் உள்ஓரம், ஜாக்கி வைக்கும் இடம், சஸ்பென்ஷன் கைகள் பாடியில் சேரும் இடம், டிக்கியில் ஸ்டெப்னிக்கான பள்ளம், பேட்டரிக்கு அடிப்பகுதி என்று ஒவ்வொன்றாக டார்ச்சடித்துப் பாருங்கள். ஸ்கைலைனின் பிந்தைய தலைமுறைகளான ஆர்33, ஆர்34 கார்களில் பானெட்டைத் திறந்தால் தெரியும் முன் ஷாக் அப்சார்பர் கோபுரங்களில், சீலன்ட் பூசிய மடிப்புக்குள் துரு கிளம்புவது தெரிந்த நோய். ஹோண்டா சிவிக் டைப் ஆர், இன்டெக்ராவில் பின் வளைவுகள். அடிப்பகுதி முழுக்கப் புதுக் கறுப்பு பூசியிருந்தால் அது பாதுகாப்புக்கும் இருக்கலாம், மறைப்புக்கும் இருக்கலாம். பூசும் முன் எடுத்த படங்களைக் கேளுங்கள். அக்கறையோடு பூசியவர்கள் படம் எடுத்திருப்பார்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கண்டுபிடிக்க, சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். துவைக்க முடியாத அந்தக் கடைசி அடியில் சேற்றுக் கோடு இருக்கும். அதே பெல்ட்டின் அடியில் தயாரித்த தேதிச் சீட்டும் இருக்கும். காரின் ஆண்டுக்கும் அதற்கும் பொருத்தம் இருக்கிறதா பாருங்கள்.

இனி ஜிடி-ஆருக்கு வருகிறேன். முதல் கேள்வி அது ஜிடி-ஆர்தானா என்பது. நீங்கள் பார்க்கும் 1993 கார் ஆர்32 தலைமுறை; அதன் உண்மையான ஜிடி-ஆருக்குச் சேஸி எண் பிஎன்ஆர்32 என்று தொடங்கும். எச்என்ஆர்32 என்றால் ஜிடிஎஸ்-4, எச்சிஆர்32 என்றால் ஜிடிஎஸ்-டி. அவற்றில் ஜிடி-ஆரின் பம்பர், மட்கார்டு, ஸ்பாய்லர் எல்லாம் மாட்டி, எஞ்சினையும் மாற்றி விற்பவர்கள் உண்டு. ஜப்பானியக் கார்களில் பதினேழு இலக்க எண் இருக்காது. எஞ்சின் அறையின் பின்சுவரில் பதித்திருக்கும் எண்ணும், அங்கேயே உள்ள தகட்டின் எண்ணும், ஏற்றுமதிச் சான்றின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தகட்டில் நிறக் குறியீடும் இருக்கும். அது சொல்லும் நிறம் வேறு, கார் நிற்கும் நிறம் வேறு என்றால் முழு பெயிண்ட் அடித்த கார். ஒரு காந்தத்தையும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்32 ஜிடி-ஆரின் பானெட்டும் முன் மட்கார்டுகளும் அலுமினியம், காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அவை இரும்பில் செய்த சாதாரண ஸ்கைலைன் பாகங்கள். ஏன் என்று விற்பவர் விளக்க வேண்டும். பின்பக்க மட்கார்டில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அங்கே பட்டி தடித்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆர்பி26 வலுவான எஞ்சின், ஆனால் அதற்கென்று சில பலவீனங்கள் உண்டு. முற்கால ஆர்32 கார்களில் கிராங்க் ஷாஃப்ட் ஆயில் பம்பைப் பிடித்துச் சுழற்றும் பகுதி குறுகியது. எஞ்சின் சுற்றுக்கு எல்லை வைக்கும் லிமிட்டர் தட்டும் அளவுக்கு முடுக்கினால் பம்ப் கியர் உடையும், அதோடு எஞ்சினும் போகும். எனவே "எஞ்சின் வேலை பார்த்தது" என்றால், ஆயில் பம்பை மாற்றி, அந்தக் குறுகிய பகுதிக்கு அகலமான வளையம் போட்டார்களா என்று குறிப்பாகக் கேளுங்கள். கம்பெனி டர்போக்களின் சைலன்சர் பக்கச் சக்கரம் செராமிக். பூஸ்ட்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, கூட்டினால் அது நொறுங்கிவிடும். பூஸ்ட் கன்ட்ரோலர் மாட்டியிருக்கிறது, டர்போ மட்டும் பழையது என்றால் அந்தச் சேர்க்கை எனக்குப் பிடிக்காது. பின் சக்கரங்களையும் சற்றே திருப்பும் ஹைகாஸ் அமைப்பின் இணைப்புகள் தேய்ந்தால் வேகத்தில் பின்பக்கம் மிதப்பது போல் இருக்கும். இரண்டாவது, மூன்றாவது கியரை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மெதுவாகப் போட்டுப் பாருங்கள். கரகரத்தால் கியர்களை உரசாமல் சேர்க்கும் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது.

இதைச் செய்ய எஞ்சின் உண்மையிலேயே குளிர்ந்திருக்க வேண்டும். நீங்கள் போகும் முன் சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டில்தான் நீலப் புகை தெரியும், அடியில் தட்டும் பேரிங் சத்தம் கேட்கும். ஓட்டி முடித்து, நன்றாகச் சூடேறிய பின் ஐடிலில் விட்டு ஆயில் பிரஷர் எவ்வளவு இறங்குகிறது என்றும் கவனியுங்கள். ஆறு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பார்ப்பது கட்டாயம். ஆறும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதுதான் முக்கியம்.

ஆர்எக்ஸ்-7 வேறு உலகம். 1991 முதல் 2002 வரை வந்த எஃப்டி3எஸ் தலைமுறை (சுருக்கமாக எஃப்டி), நான் ஓட்டியவற்றில் ஸ்டியரிங் மிக உயிரோட்டமான கார். மனத்தில் பட்டதை முன்சக்கரம் அப்படியே செய்யும். அதன் 13பி ரோட்டரி எஞ்சினில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழல்கின்றன, ஒவ்வொன்றுக்கும் மூன்று முகம். சாதாரண கம்ப்ரஷன் கேஜை மாட்டினால் மூன்று முகங்களில் எது அதிகமோ அந்த எண்ணை மட்டும் காட்டிவிட்டு நிற்கும். பலவீனமான முகம் மறைந்துவிடும். ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டரால் மூன்று முகங்களையும் தனித்தனியாக, இரண்டு ரோட்டருக்கும் சேர்த்து ஆறு எண்களாக எடுக்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது, நிமிடத்துக்கு 250 சுற்றுக்கு மாற்றிக் கணக்கிட்டால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ என்பது குறைந்தபட்ச எல்லை. ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையே 1.5-க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒரு முகம் மட்டும் குப்புற விழுந்திருந்தால் ரோட்டரின் முனையில் கசிவை அடைக்கும் அபெக்ஸ் சீல் போயிருக்கிறது.

"இப்போதுதான் பிரித்துக் கட்டியது" என்ற வாக்கியம் என்னைச் சந்தோஷப்படுத்துவதில்லை, கேள்வி கேட்க வைக்கிறது. யார் கட்டினார்கள்? ரோட்டர் ஹவுசிங் (ரோட்டர் சுழலும் உலோகக் கூடு) புதியதா, பழையதையே சுத்தம் செய்து போட்டார்களா? பில் இருக்கிறதா, பிரித்து வைத்த படங்கள் இருக்கின்றனவா? கட்டிய பின் எத்தனை கி.மீ. ஓடியிருக்கிறது? ஹவுசிங்கின் உள்முகம் கீறியிருக்க, சீலை மட்டும் மாற்றிக் கட்டிய எஞ்சின் விற்கும் வரை நன்றாக ஓடும். நல்ல கைகளால் கட்டி, ஐயாயிரம் கி.மீ. அமைதியாக ஓடிய எஞ்சின் என்றால் கட்டியே இல்லாத எஞ்சினைவிட அதைத் தேர்ந்தெடுப்பேன்.

எஃப்டிக்கு எமன் சூடு. கூலன்ட் ஹோஸ்கள் வயதாகி மரக்கட்டை போல் இறுகிவிடும். கூலன்ட்டின் காற்றைப் பிரிக்கும் பிளாஸ்டிக் தொட்டி வெடிக்கும். ஒருமுறை நன்றாகச் சூடேறிய எஞ்சினின் தண்ணீர் சீல்கள் போய்விடும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை கிளம்பும், கூலன்ட் மெதுவாகக் குறைந்துகொண்டே இருக்கும். இரண்டு டர்போக்களும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்பவை. சுமார் 4,500 சுற்றுக்குமேல் இரண்டாவதும் சேர வேண்டும். அங்கே கார் திணறினால் எஞ்சின் மேலே பின்னிக் கிடக்கும் வேக்குவம் குழாய்களில் எங்கோ ஓட்டை. எஞ்சின் ஆயிலைச் சிறிதளவு எரிப்பது இதன் வடிவமைப்பிலேயே உள்ளது, அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆயில் குறையாத எஃப்டி என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மற்ற கார்களைத் தேடினால் சுருக்கமாக: டொயோட்டா சுப்ரா ஜேஇசட்ஏ80-இல் டர்போ இல்லாத வண்டியை டர்போவாக மாற்றியது அதிகம். மிட்சுபிஷி எவோவில், பின் சக்கரங்களுக்கு விசையைப் பங்கிடும் ஏஒய்சி அமைப்பின் பம்ப் துருப்பிடித்துச் சாகும். சுபாரு இம்ப்ரெசா ஜிசி8-இல் ஐந்து கியர் பாக்ஸ் பலவீனமானது. சில்வியா எதுவானாலும் ட்ரிஃப்ட் ஓட்டியது என்றே வைத்துக்கொண்டு, இல்லை என்று கார் நிரூபிக்கட்டும். ஹோண்டா என்எஸ்எக்ஸ் முழு அலுமினியம் என்பதால் அடிபட்டால் டிங்கரிங் பார்க்கத் தனித் திறமை வேண்டும். ஹோண்டா எஸ்2000 இவற்றில் தொல்லை குறைந்தது என்பது என் கருத்து. முதல்முறை வாங்குபவர் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

மாற்றங்கள் செய்த கார் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1989 முதல் 2004 வரை ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் 280 குதிரைசக்திக்கு மேல் விளம்பரம் செய்வதில்லை என்று தங்களுக்குள் ஒப்பந்தம் வைத்திருந்தார்கள். அதனால்தான் ஜிடி-ஆர், சுப்ரா, என்எஸ்எக்ஸ் எல்லாமே காகிதத்தில் 280. எஞ்சின்கள் அதற்கு மேல் தாங்கும் என்று தெரிந்ததும் டியூனிங் பெரிய தொழிலாக வளர்ந்தது. எச்கேஎஸ், ட்ரஸ்ட், அபெக்ஸி போன்ற நிறுவனங்களின் பாகங்கள் தரமானவை. மாட்டியவர் எப்படி மாட்டினார் என்பதுதான் தெரியாது. இங்கே பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று பெட்ரோல். ஜப்பானில் 'ஹை-ஆக்' என்று விற்கும் பெட்ரோல் பெரும்பாலும் 100 ஆக்டேன். அதற்கென்று இசியூவை, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரை, டியூன் செய்த காரை நேராகக் கொண்டுவந்து 91 அல்லது 95 ஆக்டேன் ஊற்றிப் பூஸ்ட் ஏற்றினால் எஞ்சின் தட்டும், பிஸ்டன் உடையும், ரோட்டரியில் அபெக்ஸ் சீல் தெறிக்கும். வேறு இசியூ மாட்டிய காரை வாங்கினால், உங்கள் ஊர் பெட்ரோலுக்கு மறுபடி டியூன் செய்யும் வரை பூஸ்ட்டைத் தொடாதீர்கள். கம்பெனி நிலையிலேயே இருக்கும் கார் கிடைத்தால் அதையே எடுங்கள். கழற்றிய அசல் பாகங்களைப் பெட்டியில் போட்டுக் கூடவே தருகிறேன் என்பவர் அடுத்த இடம்.

சட்டம் நாட்டுக்கு நாடு நேர்எதிராக இருக்கிறது. இந்தியாவில் மூன்று ஆண்டுக்கு மேல் பழைய காரைச் சாதாரண வழியில் இறக்க முடியாது. அமெரிக்காவில் 25 ஆண்டு ஆனபின்தான் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு, கனடாவில் 15 ஆண்டு. 1989-இல் வந்த ஆர்32 அமெரிக்காவுக்கு 2014-இல் திறந்தபோதும், 1999-இல் வந்த ஆர்34 2024-இல் திறந்தபோதும் உலகம் முழுக்க விலை உயர்ந்தது. போலிகளும் அதனால் பெருகின. நீங்கள் பார்ப்பவை ஏற்கெனவே இறங்கியவை. எனவே சுங்கம் கட்டிய ரசீதும், உள்ளூர்ப் பதிவில் உள்ள சேஸி எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வலப்பக்கம் ஓட்டும் நாடு என்றால் ஹெட்லைட் ஒளி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், மாற்ற வேண்டும். அக்கால ஜப்பானிய எஃப்எம் அலைவரிசை 76-இல் தொடங்கி 90-இல் முடிந்துவிடும் என்பதால் பழைய ரேடியோவில் உங்கள் ஊர் நிலையங்கள் பெரும்பாலும் வராது. அது சின்ன விஷயம்.

பாகங்கள் கிடைக்குமா என்ற கவலை பத்து ஆண்டுகளுக்கு முன் இருந்த அளவுக்கு இப்போது இல்லை. நிசான் 2017-இல் ஆர்32 ஜிடி-ஆருக்கு நிஸ்மோ ஹெரிடேஜ் என்ற பெயரில் நின்றுபோன பாகங்களை மறுபடி செய்யத் தொடங்கியது. டொயோட்டா பழைய சுப்ராக்களுக்கும், மாஸ்டா ஆர்எக்ஸ்-7க்கும் இதைச் செய்கின்றன. விலை கடுமையானதுதான். ஆகவே கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். நான்கில் ஒரு பங்கையாவது முதல் வருடத்துக்கு ஒதுக்கி வையுங்கள். டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், எல்லா ரப்பர் ஹோஸ், பிரேக் ஹோஸ், டயர் இவை பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வயதால் மாற்றத்தான் வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது காரின் மதிப்பை முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொள்ளும் வகையை எடுங்கள். வெறும் பழைய கார் என்று தேய்மானம் கழித்தால் கையில் எதுவும் வராது.

இப்போது உங்கள் இரண்டு கார்கள். ஜிடி-ஆர்காரரிடம் ஏற்றுமதிச் சான்றிதழின் நகலையும், சேஸி எண் பதித்த இடத்தின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால் ஏலப் பதிவை நீங்களே வாங்கி, ஓட்டத்தை ஒப்பிட்டு, பிறகு ஆர்பி26 தெரிந்த மெக்கானிக்கோடு ஒரு குளிர்ந்த காலையில் போய் லிஃப்ட்டில் ஏற்றுங்கள். அடி சுத்தமாக இருந்து கம்ப்ரஷன் கொஞ்சம் குறைவாக இருந்தால் எஞ்சின் செலவைக் கழித்து விலை பேசலாம். அடி மோசமாக இருந்து எஞ்சின் அருமையாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஆர்எக்ஸ்-7க்கு, ரோட்டரி டெஸ்டர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் வாங்கிய பிறகு அதைப் பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை என்றுதான் அர்த்தம். அந்த நிலையில் ஜிடி-ஆரை மட்டும் பாருங்கள். இருக்கிறது என்றால் ஆறு எண்களையும், கட்டியதற்கான பில்லையும் கேட்டு வாங்கி எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.